காரைக்குடியில் காக்டெயில்: முதலில் ஒரு லைம் சோடா சொல்லுங்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் ஏதாவது ஒரு விடுதி பாரில் போய் உட்கார்ந்ததும் மெனு அட்டையைப் பிரிக்க வேண்டாம். முதலில் ஒரு ஃப்ரெஷ் லைம் சோடா சொல்லுங்கள். ஸ்வீட்டா சால்ட்டா என்று கேட்பார்கள். ரெண்டும் கலந்து என்று சொல்லுங்கள். வந்து நிற்கிற அந்த ஒரு கிளாஸிலேயே அந்த பாரின் ஜாதகம் இருக்கும்.

அடியில் சர்க்கரை கரையாமல் தங்கியிருந்தால், அங்கே பாகு காய்ச்சி வைக்கிற வழக்கம் இல்லை. சோடா பொங்காமல் சப்பென்று இருந்தால் எப்போதோ திறந்த பாட்டில். சாறு தொண்டையில் கசந்தால் காலையிலேயே பிழிந்து வைத்தது, இல்லாவிட்டால் தோலோடு சேர்த்து நசுக்கியது. பச்சை மிட்டாய் வாசம் அடித்தால் பழமே கிடையாது, பாட்டிலில் வருகிற லைம் கார்டியல். ஐஸ் மேசைக்கு வரும்போதே சில்லுச்சில்லாக மிதந்தால் அது வெகுநேரமாக வாளியில் தண்ணீரில் கிடந்த ஐஸ்.

பழைய காக்டெயில்களில் பாதிக்கு மேல் இந்த லைம் சோடாவின் உறவுக்காரர்கள்தான். இதில் 45 மில்லி ஜின் சேர்த்தால் கிட்டத்தட்ட டாம் காலின்ஸ். வெள்ளை ரம்மும் புதினாவும் சேர்த்தால் மொஹிட்டோ. லைம் சோடாவை ஒழுங்காகப் போடத் தெரியாத இடத்தில் காக்டெயில் சொல்வது காசைத் தண்ணீரில் போடுகிற வேலை. அங்கே ஒரு பியரோ, விஸ்கியும் தனியாக ஒரு சோடாவும் வாங்கிக்கொண்டு பேச்சைப் பார்க்கலாம்.

தெருமுனையில் சின்னதாக ஒரு காக்டெயில் பார், இருபது நாற்காலி, பழக்கப்பட்ட முகங்கள். பெங்களூரிலும் கோவாவிலும் பார்க்கிற அந்த மாதிரி இடம் செட்டிநாட்டில் ஏன் இல்லை என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. ரசனைக் குறைவு ஒன்றும் இல்லை, உரிமம்தான் காரணம். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. தனியார் கிளாஸில் ஊற்றிப் பரிமாற வேண்டுமானால் பெரும்பாலும் இரண்டே வழி: உறுப்பினர்களுக்கான மனமகிழ் மன்றம், அதற்கு எஃப்எல்2 உரிமம், இல்லாவிட்டால் நட்சத்திரத் தகுதி பெற்ற தங்கும் விடுதி, அதற்கு எஃப்எல்3. அறை இல்லாமல், மன்றம் இல்லாமல், வெறும் பார் மட்டும் வைக்க ஒருவர் ஆசைப்பட்டால் அதற்கு இடமில்லை. அதனால் நம் பக்கத்தில் 'பக்கத்துத் தெரு பார்' என்பது காரைக்குடி லாட்ஜ் ஒன்றின் ஏசி பாராக இருக்கும், அல்லது விடுதியாக மாறிய ஒரு பெரிய வீட்டில் முகப்பை ஒட்டிய ஓர் அறையாக இருக்கும்.

அந்தப் பெரிய வீட்டு விடுதிகளில் எல்லாவற்றுக்கும் உரிமம் கிடையாது. அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். 'பார் இருக்கா?' என்று மட்டும் கேட்டால் போதாது. பீர் வைத்திருக்கிற ஒரு குளிர்பெட்டியும் 'இருக்கு' என்ற பதிலுக்குள் அடங்கிவிடும். 'காக்டெயில் போட ஆள் இருக்காரா, எத்தனை மணி வரைக்கும் இருப்பாரு?' என்று கேளுங்கள். சின்ன விடுதியில் பார் ஆளும் சாப்பாட்டுக் கூடத்துக் கேப்டனும் ஒரே ஆளாக இருப்பது சாதாரணம். எட்டரை மணிக்கு இலை போட ஆரம்பித்துவிட்டால் அவர் காக்டெயில் குலுக்குகிற ஷேக்கரைத் தொடமாட்டார். ஆறரையிலிருந்து எட்டு வரை போவதுதான் புத்தி.

தேதியும் பார்த்துக்கொள்ளுங்கள். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாடி நபி, காந்தி ஜெயந்தி ஆகிய எட்டு நாளும் கடை கிடையாது. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது முதலாவதில். டாஸ்மாக் கடை பகல் 12 முதல் இரவு 10 வரை. வயது 21 ஆகியிருக்க வேண்டும்.

டாஸ்மாக்கை ஒட்டிய பாரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அங்கே சரக்கு நாம் கடையில் வாங்கிக்கொண்டு போவது. பார் ஏலம் எடுத்தவர் விற்பது தண்ணீர், சோடா, டம்ளர், சைடு டிஷ். காக்டெயில் என்ற பேச்சே இல்லை, 'மிக்ஸிங் என்ன?' என்பதுதான் கேள்வி. ஆனால் ஈரல் வறுவலும் கலக்கியும் நல்லதாகக் கிடைக்கிற இடங்கள் உண்டு, அதை மறுக்க முடியாது.

ஐஸ்தான் பாதி வேலை

காக்டெயில் என்றதும் எல்லோரும் பாட்டிலைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஐஸ் வாளியை. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிர வைக்க ஒரு கலோரி வெப்பத்தை எடுத்தால் போதும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரியை இழுத்துக்கொள்கிறது. அதாவது பானத்தைக் குளிர வைப்பது ஐஸின் சில்லிப்பைவிட அது உருகுவதுதான். உருகினால் தண்ணீர் சேரும், சேரவும் வேண்டும். 100 மில்லி கலவையை நல்ல ஐஸ் போட்டுப் பன்னிரண்டு விநாடி குலுக்கினால் கால் பங்கோ அதற்கு மேலோ தண்ணீர் ஏறும். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் சரக்கு எரியும், புளிப்பு வெட்டும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஏற்கெனவே நனைந்து வழவழவென்று இருக்கிற ஐஸில். அதன்மேல் ஒட்டியிருக்கும் தண்ணீருக்கு உருகும் வேலை முடிந்துவிட்டது. அது பானத்தைக் குளிர வைக்காமல் நீர்க்க மட்டும் செய்கிறது. மே மாதத்துக் காரைக்குடியில் இருட்டிய பிறகும் புழுக்கம் குறையாது. திறந்த வாளியில் ஐஸ் அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்காது. தெரிந்த ஆள் என்றால் ஓட்டை போட்ட தட்டு வைத்த வாளியில் ஐஸை வைத்திருப்பார், தண்ணீர் கீழே வடிந்துவிடும். இல்லாவிட்டால் ஃப்ரீஸரிலிருந்து அப்போதைக்கப்போது எடுப்பார். கையில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால் தெரியும்: விரலில் ஒட்டிக்கொண்டால் நல்ல ஐஸ், வழுக்கிக்கொண்டு ஓடினால் ஈர ஐஸ்.

'ஐஸ் கம்மியா போடுங்க' என்று கேட்பது நம் ஊரில் பெரிய வழக்கம். ஐஸ் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்ற சந்தேகம். சரக்கு எப்படியும் அளந்துதான் ஊற்றப்படுகிறது, ஐஸைக் குறைத்தால் ஒரு சொட்டும் கூடப்போவதில்லை. இரண்டு துண்டு ஐஸ் மட்டும் மிதக்கிற கிளாஸில் அந்த இரண்டும் ஐந்து நிமிடத்தில் கரைந்து பானம் வெதுவெதுப்பாகும். கிளாஸ் நிறைய ஐஸ் இருந்தால் ஒன்றை ஒன்று குளிரில் காப்பாற்றும், உருகுவது மெதுவாகும். அதிக ஐஸ் போட்டால்தான் குறைந்த தண்ணீர் சேரும். ஷேக்கரிலும் இதே கணக்கு, முக்கால் பங்கு ஐஸ் வேண்டும்.

எந்தத் தண்ணீரின் ஐஸ் என்பதும் முக்கியம். சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன ஊர் காரைக்குடி. அதே வட்டாரத்தில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற இடங்களும் உண்டு. அந்த ஐஸ் உருக உருக பானத்தில் ஒரு சவர்ப்பு ஏறும். 'கேன் தண்ணி ஐஸா, போர் தண்ணி ஐஸா?' என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மீனுக்குப் போடுகிற ஐஸ் பாளத்தை உடைத்துப் போடுகிற இடம் என்று தெரிந்தால் எழுந்துவிடலாம்.

எலுமிச்சையும் மெஷரும்

நம் நாட்டு எலுமிச்சை ஒன்றில் 15 முதல் 20 மில்லி சாறு வரும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தை அப்படியே பிழிந்தால் அதில் பாதிதான். மேசையில் உள்ளங்கையால் உருட்டி, கொஞ்சம் சூடு ஏறியபின் வெட்டிப் பிழிய வேண்டும். ஒரே அழுத்து, அவ்வளவுதான். இன்னும் நாலு சொட்டு வருமே என்று இரண்டாவது முறை முறுக்கினால் தோலின் எண்ணெயும் உள்ளே இருக்கிற வெள்ளைச் சதையின் கசப்பும் இறங்கும். பிழிந்த சாற்றை நாலு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிழிந்த சாறு ராத்திரி ஒன்பது மணிக்குக் காக்டெயிலுக்கு ஆகாது. புளிப்பு தேய்ந்து கசப்பு முன்னால் வந்துவிடும்.

பாகு மிகச் சுலபம்: அரை கிலோ சர்க்கரை, அரை லிட்டர் தண்ணீர், கரைகிற அளவுக்குச் சூடு. கொதிக்க விட்டால் தண்ணீர் குறைந்து இனிப்பு கூடிவிடும், அப்புறம் எந்த அளவும் ஒத்துவராது. ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். வெளியே வைத்தால் நம் வெயிலுக்கு மூன்றாம் நாளே புளித்த வாடை வரும்.

இனி அளவு. நம் பார்களில் ஸ்மால் 30 மில்லி, லார்ஜ் 60 மில்லி. சரக்கை மெஷரில் அளக்காத பார் கிடையாது, கணக்குக் காட்ட வேண்டும் அல்லவா. எலுமிச்சையையும் பாகையும்தான் கண்ணளவில் ஊற்றுகிறார்கள். காக்டெயில் கெடுவது இங்கேதான். ஐந்து மில்லி சரக்கு கூடிக் குறைந்தால் நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. ஐந்து மில்லி எலுமிச்சை கூடினால் முகம் சுருங்கும். அதைச் சரிசெய்யப் பாகை ஊற்றுவார்கள், அப்புறம் இனிப்பு தூக்கும், மறுபடி எலுமிச்சை. கடைசியில் கிளாஸ் நிரம்பி வழியும், ருசி எங்கேயோ போயிருக்கும்.

புளிப்பு வகைக் காக்டெயில் எதற்கும் ஆரம்ப அளவு இதுதான்: 60 மில்லி சரக்கு, 20 முதல் 25 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி பாகு. கவுண்டரில் நிற்கிற பையனிடம் 'தம்பி, லைமையும் சிரப்பையும் மெஷர்லயே ஊத்துங்க, இருபது இருபது' என்று மரியாதையாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மேசைக்கு வந்தபின் 'இது சரியில்லையே' என்று சொல்வதைவிட இது இரண்டு பேருக்கும் நல்லது. இரண்டு விரல் நுனியில் அள்ளுகிற அளவு உப்பும் கேளுங்கள். எலுமிச்சையின் கசப்பை அது அடக்கிவிடும்.

மிளகு வறுவலுக்குப் பக்கத்தில் எது நிற்கும்?

செட்டிநாட்டில் மற்ற ஊர் காக்டெயில் புத்தி செல்லாமல் போகிற இடம் சாப்பாடு. மிளகாயின் காரம் ருசி இல்லை, அது சூடு என்ற உணர்வு. நாக்கில் இருக்கிற டிஆர்பிவி1 என்ற சூட்டு உணர்வி சாதாரணமாக 42 டிகிரிக்கு மேல் போனால்தான் எரிகிறது என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயின் கேப்சைசினும் மிளகின் பைப்பரினும் அதே உணர்வியைத் தட்டி எழுப்புகின்றன. ஆல்கஹால் செய்வது இன்னும் மோசம். அந்த 42 டிகிரி எல்லையையே 34 டிகிரி அளவுக்கு இறக்கிவிடுகிறது. நம் வாயின் சூடே அதைவிட அதிகம். மிளகுக்கோழி வறுவலை ஒரு வாய் போட்டு, விஸ்கியை ராவாக ஒரு மடக்கு விட்டால் காது வரை எரிவது இதனால்தான். அதைச் 'செம காம்பினேஷன்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மசாலாவில் சோம்பு இருந்ததா கல்பாசி இருந்ததா என்று கடைசிவரை தெரியப்போவதில்லை.

ஆகவே காரச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்கிற பானத்தில் ஆல்கஹால் பத்து சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. கணக்கு எளிது. நம் ஊர் சரக்கு 42.8 சதவீதம். 45 மில்லி ஊற்றி, சாறு, பாகு, சோடா, உருகிய ஐஸ் எல்லாம் சேர்த்து 200 மில்லிக்குக் கொண்டுபோனால் 9.6 சதவீதம். நீளமான கிளாஸ், புளிப்பும் இனிப்பும் சமமாக, ஒரு துளி உப்பு. நண்டு வறுவல், காடை, சுக்கா எல்லாவற்றுக்கும் இந்த உருவம்தான் ஒத்துப்போகும். அதையும் மீறி நாக்கு எரிந்தால் தண்ணீர் உதவாது, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. ஒரு கரண்டி தயிர் கேளுங்கள்.

ஜின் டானிக் எல்லா இடத்திலும் பத்திரமான ஆர்டர் என்று பெயர் எடுத்தது. இங்கே அதற்கு என் வாக்கு கிடையாது. டானிக்கில் இருக்கிற கொய்னாவின் கசப்பும் வறுத்து அரைத்த மசாலாவின் கருகல் வாசமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நாலாவது வாயில் எல்லாமே கஷாயமாகத் தெரிய ஆரம்பிக்கும். வெள்ளைப் பணியாரம், சீயம் மாதிரி மெத்தென்ற பண்டங்கள் வருகிற நேரத்தில், காரத்துக்கு முன்னால், அது சரி.

சொல்ல வேண்டியவையும் விட வேண்டியவையும்

விஸ்கி சவர் என்ற புளிப்பு வகைக் காக்டெயிலைச் சொல்லலாம், முட்டை வெள்ளையோடு. செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர்களுக்கு அந்தப் பளபளப்பைக் கொடுத்தது முட்டை வெள்ளைக்கரு என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். கிளாஸில் அது செய்வது நுரையும் வழுவழுப்பும். 60 மில்லி விஸ்கி, 25 சாறு, 20 பாகு, ஒரு சின்ன முட்டையின் வெள்ளைக்கருவில் பாதி. முதலில் ஐஸ் இல்லாமல் பத்து விநாடி குலுக்க வேண்டும், பிறகு ஐஸ் போட்டுப் பன்னிரண்டு விநாடி. ஐஸ் இல்லாத முதல் குலுக்கலில் உள்ளே காற்று விரிந்து மூடி தெறிக்கும், இரண்டு கையாலும் பிடிக்காதவர் சட்டையை நனைத்துக்கொள்வார். முட்டையைக் கண்ணெதிரே உடைக்கச் சொல்லுங்கள். வாசம் பிடிக்காதவர்களுக்கு நுரைமேல் அங்கஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாரம் இரண்டு சொட்டு போதும். முட்டை வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், சவர் அதனால் சாகாது.

மொஹிட்டோ புதினாவைப் பொறுத்தது. இலை ஓரம் கறுத்திருந்தால் வேண்டாம். நல்ல இலையாக இருந்தாலும் அதைக் கட்டையால் இடித்துத் துவையலாக்குகிறவர் கையில் மாட்டினால் பச்சைக் கசப்புதான் மிஞ்சும். இலையை லேசாக நசுக்கினாலே வாசம் வெளியே வந்துவிடும்.

லாங் ஐலேண்ட் ஐஸ்ட் டீயை விட்டுவிடுங்கள். முறையான அளவில் அதில் வோட்கா, டெக்கிலா, வெள்ளை ரம், ஜின், ஆரஞ்சு மதுபானம் எல்லாம் தலைக்கு 15 மில்லி, மொத்தம் 75. அந்த அளவில் அது ஒன்றும் பூதம் இல்லை. ஆனால் 30 மில்லி மெஷர் ஒன்றுதான் கையில் இருக்கிற பாரில் ஒவ்வொன்றும் ஒரு ஸ்மால் என்று விழுந்தால் 150 மில்லி ஆகிவிடும், கோலா இனிப்பில் அது தெரியவே தெரியாது. நீல நிறத்தில் வருகிற எதையும் நான் சிபாரிசு செய்வதில்லை. அதில் நீலத்தைத் தவிர வேறு கொள்கை எதுவும் இருப்பதில்லை.

சிங்கப்பூர் ஸ்லிங் பெயரைப் பார்த்ததும் செட்டிநாட்டில் ஒரு பாசம் வரும். பாட்டனார் கடை வைத்திருந்த ஊர் அல்லவா. ராஃபிள்ஸ் ஹோட்டலில் நியாம் தோங் பூன் என்ற பார்க்காரர் 1915 வாக்கில் உருவாக்கியதாகச் சொல்லப்படுகிற பானம் அது. இன்றைய செய்முறையில் ஜின்னோடு செர்ரி மதுபானம், ஆரஞ்சு மதுபானம், பெனடிக்டின் என்ற மூலிகை மதுபானம், அன்னாசிச் சாறு, எலுமிச்சை, மாதுளைப் பாகு, பிட்டர்ஸ் என்று எட்டுச் சாமான் வேண்டும். நம் பக்கத்து பாரில் செர்ரியும் பெனடிக்டினும் இருக்கும் என்று நம்ப ஆதாரம் எதுவும் இல்லை. வருவது டெட்ரா பேக் அன்னாசிச் சாறும் சிவப்புப் பாகும்.

அதற்குப் பதில் பெகு கிளப் கேளுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் செய்முறையைச் சொன்னால் போட்டுவிடுவார்கள், சாமான் அவ்வளவு சிக்கனம். 60 மில்லி ஜின், 20 மில்லி ஆரஞ்சு மதுபானம் (கியூராசோ, இல்லாவிட்டால் டிரிப்பிள் செக்), 20 மில்லி எலுமிச்சைச் சாறு, அங்கஸ்டுரா இரண்டு வீச்சு. ஆரஞ்சு பிட்டர்ஸ் இருந்தால் ஒரு வீச்சு. நன்றாகக் குலுக்கி, ஐஸ் இல்லாமல் குளிர்ந்த கிளாஸில் வடிக்க வேண்டும். ஆரஞ்சு மதுபானத்திலேயே இனிப்பு இருப்பதால் பாகு வேண்டாம். புளிப்பு தூக்கினால் மட்டும் ஒரு டீஸ்பூன். ரங்கூனில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்காக இருந்த பெகு கிளப்பின் பானம் இது, 1930 வாக்கிலேயே லண்டன், பாரீஸ் பார் புத்தகங்களில் ஏறிவிட்டது. அதே ரங்கூனில் நகரத்தார் கடைகள் இருந்த மொகல் தெரு அங்கிருந்து தூரம் இல்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போன நகரத்தார் கொடுத்த கடனில் ஐராவதி வண்டல் முழுக்க நெல் விளைந்தது. அந்த கிளப்பின் கதவு அவர்களுக்குத் திறந்ததில்லை. பர்மா தேக்குத் தூண்கள் நிற்கிற முகப்பில் உட்கார்ந்து இப்போது அதைக் குடிக்கலாம். ஒரு எச்சரிக்கை: இதில் சோடா இல்லை, காட்டமானது. காரத்துக்கு முன்னால் ஒன்று, அதோடு நிறுத்த வேண்டும்.

கிளாஸ் சிந்தினால் உடனே துடைக்கச் சொல்லுங்கள். இந்த வீடுகளின் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் வார்த்தது. எலுமிச்சையின் அமிலம் அதை அரித்து மங்கல் தடம் போட்டுவிடும். பீங்கான் டைல்ஸ் மாதிரி அது சும்மா இருக்காது.

கோலி சோடா, பன்னீர் சோடா, நன்னாரி

பெரிய பாட்டில் வரிசை இல்லாத பாருக்கும் ஒரு வழி உண்டு. நம் பெட்டிக்கடைகளில் கிடைக்கிற சோடா வகைகள் எந்த இறக்குமதி டானிக்கையும்விட நம் சாப்பாட்டுக்குப் பொருந்தும்.

பன்னீர் சோடா ஏற்கெனவே இனிப்பு, ரோஜா வாசம். அதில் பாகு சேர்க்கக் கூடாது. 45 மில்லி ஜின் அல்லது வோட்கா, 20 மில்லி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, கிளாஸ் நிறைய ஐஸ், கடைசியில் 120 மில்லி பன்னீர் சோடா. கரண்டியால் ஒரே ஒரு தூக்கு. கலக்கக் கலக்க கேஸ் போய்விடும். சோடாவை ஷேக்கருக்குள் ஊற்றுகிற விபரீதத்தை யாராவது செய்யப்போனால் தடுத்துவிடுங்கள், மூடி கூரையைத் தொடும். பொவொண்டோ ரம்முக்கு, அதுவும் கறுப்பு ரம்முக்கு. விருதுநகரில் 1916-இல் ஆரம்பித்த காளிமார்க்கின் பானம் அது. திராட்சை வாசம் தூக்கலாக இருப்பதால் கோலாவைவிட எலுமிச்சை கொஞ்சம் கூடக் கேட்கும், 15 மில்லி வரை.

இவற்றில் ராணி நன்னாரி. கடைப் பாகில் நிறமும் இனிப்பும்தான் தூக்கல், அதனால் 15 மில்லிக்கு மேல் வேண்டாம். வீட்டில் காய்ச்சுவதானால் நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம் வேர் வாங்குங்கள். கழுவி, உரலில் லேசாகத் தட்டினால் மேல்பட்டை பிரியும். நடுவில் இருக்கிற வெள்ளைக் குச்சியை எறிந்துவிட வேண்டும், அதில் வாசம் இல்லை. பட்டையை நசுக்கி, அரை லிட்டர் கொதித்த தண்ணீரை ஊற்றி, மூடி, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் வடிகட்டி அரை கிலோ சர்க்கரையைக் குறைந்த தீயில் கரைத்து இறக்கிவிடலாம். வேரையே போட்டு நேரம் காலம் இல்லாமல் கொதிக்கவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அந்த வாசப்பொருள் ஆவியோடு போய்விடும். அடுப்படி மணக்கும், பாகு மணக்காது.

சோம்பு ஊறவைத்த வோட்காவும் முயன்று பார்க்கத் தகுந்தது. 375 மில்லி ஆஃப் பாட்டிலுக்கு ஒரு மேசைக்கரண்டி சோம்பு, ஒன்றிரண்டாகத் தட்டியது, எட்டு மணி நேரம், பிறகு வடிகட்டு. அன்னாசிப்பூ சேர்ப்பதானால் ஒரு பூவில் பாதி. அது ஒன்றே மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். இதில் ஐஸும் தண்ணீரும் விழும்போது கவனித்துப் பாருங்கள்: தெளிந்திருந்த வோட்கா பால் மாதிரி மங்கும். சோம்பின் அனெத்தோல் என்ற எண்ணெய் ஆல்கஹாலில் கரையும், தண்ணீர் கூடினால் கரையாமல் துளித்துளியாகப் பிரிந்துவிடும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம். கல்பாசியை மட்டும் ஊறப்போடாதீர்கள், ஈர மண் வாடைதான் வரும்.

வண்டி, பில், வீட்டுக் கணக்கு

'ரெண்டே ரெண்டு' என்ற கணக்கு ஏமாற்றும். ஒரு லார்ஜில் 60 மில்லி, 42.8 சதவீதம், அதாவது சுமார் 20 கிராம் ஆல்கஹால். எட்டு சதவீத ஸ்ட்ராங் பியர் 650 மில்லி ஒரு பாட்டிலில் சுமார் 41 கிராம். ஒரு ஸ்ட்ராங் பியரும் இரண்டு லார்ஜும் ஒன்று. 'நான் பீர்தான்' என்று சொல்லிக்கொண்டு சாவியை எடுக்கிறவருக்கு இதைக் காட்டுங்கள். சராசரி உடம்பு ஒரு மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் எரிக்கும். மூன்று லார்ஜ் அளவு உள்ளே போயிருந்தால் ஆறிலிருந்து ஒன்பது மணி நேரம், இடையில் எத்தனை காபி குடித்தாலும். சட்டத்தின் எல்லை 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. கானாடுகாத்தானிலிருந்தோ பள்ளத்தூரிலிருந்தோ இரவு பத்து மணிக்கு மேல் ஆட்டோ கிடைக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம். போகும்போதே டிரைவரோடு பேசி, திரும்பும் நேரத்தையும் காத்திருப்புக் காசையும் முடித்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவருக்கு நன்னாரி, எலுமிச்சை, உப்பு, கோலி சோடா, அதே உயரமான கிளாஸில், அதே அளவு ஐஸோடு. ஒரு ஓரமாகத் தண்ணீர் பாட்டிலைத் தள்ளிவிடுவது மரியாதை இல்லை.

பில்லில் இரண்டு இடத்தைப் பாருங்கள். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அது மாநில வாட் வரியில் வரும். சாப்பாட்டுக்கும் மது கலக்காத பானத்துக்கும் ஜிஎஸ்டி. இரண்டும் ஒரே மொத்தத்தில் கலந்து வரி போட்டிருந்தால் பிரித்துக் கேளுங்கள். சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை, எடுக்கச் சொல்லலாம். அதை எடுக்கச் சொல்லிவிட்டு, இருபது மில்லியை இருபதாகவே அளந்து ஊற்றிய பையனுக்குக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

உரிமம் இல்லாத வீட்டு விடுதியில் தங்குகிறீர்கள், அறையில் குடிக்க வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார், எட்டுப் பேர் இருக்கிறீர்கள் என்றால் ஷேக்கரெல்லாம் தேவையில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, கறுப்பு ரம் 375 மில்லி முழுசும், நன்னாரிப் பாகு 120 மில்லி, குடிதண்ணீர் 160 மில்லி, கால் டீஸ்பூன் உப்பு ஊற்றிக் குலுக்கி மதியமே ஃப்ரீஸரில் வையுங்கள். இந்த அளவு ஆல்கஹால் இருந்தால் வீட்டு ஃப்ரீஸரில் அது கல்லாக உறையாது, குலுக்கும்போது ஐஸ் சேர்க்க வேண்டிய தண்ணீரும் முன்கூட்டியே உள்ளே இருக்கிறது. எலுமிச்சையை மட்டும் அப்போது சேர்க்கக் கூடாது. சாயங்காலம் பத்துப் பழம் பிழிந்து 160 மில்லி சாற்றை ஊற்றி ஒரு குலுக்கு. கிளாஸுக்கு 100 மில்லி, நிறைய ஐஸ், மேலே 60 மில்லி சோடா. கோலி சோடாவாக இருந்தால் கோலியைத் தட்டிய கையோடு ஊற்றிவிட வேண்டும்.